896 என்பது பெயரன்று

கொல்கத்தாவின் லஸ்கர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த வங்காள, அசாம், வட இந்தியக் கடலோடிகள் 896 பேர் என்கிறது. அவர்களுள் தம் மூதாதையரைத் தேடுவோர் பெரும்பாலும் பெயரிலிருந்தே தொடங்குகின்றனர்; தேடல் அங்கேயே திசைமாறுகிறது. எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் பதிந்த பெயர், கப்பலுக்குக் கப்பல் உருமாறும். கப்பலின் பதிவு எண்ணோ மாறாது; பணியாளர் பட்டியல்களும் அவ்வெண் வரிசையிலேயே தொகுக்கப்பட்டன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பணிவிடுப்புச் சான்றிதழில் அந்த எண் இருக்கக்கூடும். எனவே ஆவணக் காப்பகத்தை நாடுமுன் வீட்டுத் தாள்களைப் படியெடுத்து வையுங்கள். குடும்ப ஆவணங்களைச் சான்றாக ஏற்கத் தயங்கும் ஆய்வாளர்களாகிய நாமும் அத்தயக்கத்தைக் கைவிடவேண்டும். அத்தாள் செல்லரித்துப்போனால், ஒரு மனிதர் மீண்டும் வெறும் எண்ணிக்கையாகிவிடுவார்.