குடும்பச் சரித்திரமும் அறுபது வருஷப் பிழையும்

மாதனூரில் பாலாற்றங்கரையில் வசிக்கும் முதியவர் ஒருவரை, உம்முடைய பாட்டனார் காலமானது எப்பொழுது என்று வினவினால், "சோபகிருது வருஷம், ஐப்பசி மாதம்" என்று விடை வரும். அதற்குமேல் நம்மவர்கள் கேட்பதில்லை. சோபகிருது 1903-லும் வந்தது, 1963-லும் வந்தது, 2023-லும் வந்து போயிற்று. நமது அறுபது வருஷச் சக்கரம் பஞ்சாங்கத்துக்கு உகந்ததாயிருக்கலாம்; வம்ச சரித்திரம் எழுதப் புகுவோருக்கு அது படுகுழியேயாகும். அதே முதியவர், "ஆற்று வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன ஐப்பசி" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அந்த வெள்ளம் 1903-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி வந்தது. பக்கத்து முஸ்லிம் வீட்டுக் குறிப்பில் அதே வருஷம் ஹிஜ்ரி 1321 என்றிருக்கும். ஹிஜ்ரி வருஷம் பதினொரு நாள் குறைவுடையது. அவ்வீட்டார் 66 என்று எழுதி வைத்த வயது நம் கணக்கில் 64 தான்.

ஆகவே, குடும்பச் சரித்திரம் தேடுவோர் முதலில் செய்யவேண்டியது காலவரிசை ஒன்று எழுதுவது. ஒரு பத்தியில் ஊருலகம் அறிந்த சம்பவங்கள்: 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம், 1903-ம் வருஷத்து வெள்ளம், இவை போல்வன. எதிர்ப் பத்தியில் வீட்டுப் பிறப்பு, இறப்பு, விவாகம், நிலம் வாங்கியது, விற்றது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்த மாத்திரத்தில் பல பெருமைகள் உதிர்ந்துபோகும். தம் கொள்ளுப்பாட்டனார் 1880-லேயே குரோம் தோல் பதனிட்டார் என்று சொல்லிக்கொள்ளும் தோல் மண்டிக்காரர், சாட்டர்டன் துரை சென்னையில் அம்முறையைத் தொடங்கியதே 1903-ல்தான் என்பதைக் கண்டு மௌனமாவார். அந்தக் கொள்ளுப்பாட்டனார் ஆவாரம்பட்டையில் ஊற வைத்திருப்பார். அதில் அவமானம் என்ன?

ஜில்லா எல்லைகள் மாறியதையும் அதே பத்தியில் எழுதிக்கொள்ள வேண்டும். வாணியம்பாடி 1911 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆம்பூரோ வட ஆற்காடு. வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் ஜில்லா உண்டாயிற்று. இதை அறியாமல் எந்த ரிக்கார்டு அறையில் போய் எதைக் கேட்பது?

மண்டி முதலாளியின் வீட்டில் கிரயப் பத்திரம் இருக்கும். தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தவனுடைய வீட்டில் என்ன இருக்கும்? இதுவே நம்மை உறுத்தும் விஷயம். அவன் மூதாதையரில் சிலர் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார்கள். சிலர் நெட்டால் கப்பலேறினார்கள். 1860 முதல் 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற 1,52,184 பேரில் வட ஆற்காட்டார் அநேகர். கப்பல் ஜாபிதாவில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், அங்க அடையாளம் யாவும் பதியப்பட்டன. இங்குள்ள குமாஸ்தாக்கள் அவர்களைப்பற்றி அத்தனை அக்கறையாய் ஒருபோதும் எழுதியதில்லை! டர்பனிலுள்ள பேரனிடம் கிராமத்தின் பெயர் சிதைந்த இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது. இங்குள்ள வீட்டில், "பாட்டனின் தம்பி ஒருவன் பஞ்சத்துக்குப் பிறகு போனான், திரும்பவில்லை" என்ற சொல் மட்டும் இருக்கிறது. இரண்டு காலவரிசைகளும் ஒருவர் கைக்கு வந்தாலொழிய அந்தக் குடும்பம் ஒன்று சேராது. எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்களை நாம் கண்டிப்பது இதனால்தான். தாத்தாவின் இரண்டாந்தாரம் வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம் பலருக்கு. இன்று உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம் காக்கப்படவேண்டியதுதான். நூறு வருஷத்துக்கு முந்திய தாரத்தை மறைப்பதால் யாருக்கு லாபம்?

வக்கீல் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். சாட்சியச் சட்டத்தில், காலஞ்சென்றவர் குடும்ப வம்சாவளியில் எழுதி வைத்த உறவு விவரம் ருசுவாக ஏற்கப்படும். ஆனால் வியாஜ்யம் எழுவதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 1872-ம் வருஷத்துச் சட்டம் போய், 2024-ம் வருஷம் ஜூலை முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தும் இவ்விதி மாறவில்லை. 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு வழங்க உத்தரவான பஞ்சமி நிலங்களை எண்ணிப் பாருங்கள். முதல் பத்து வருஷம் அவற்றை விற்கலாகாது. பின்னும் அவ்வகுப்பாருக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது என்பது நிபந்தனை. அவ்விதமிருந்தும் பிறர் கைக்குப் போனவை ஏராளம். மீட்கச் செல்பவனைப் பார்த்துக் கச்சேரியில் கேட்கும் கேள்வி, நிலம் பெற்றவனுக்கு நீ என்ன உறவு என்பதே. வழக்குத் தொடுத்த பிறகு அவன் எழுதிக் கொண்டுவரும் வம்சாவளியை எதிர்க்கட்சி வக்கீல் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்.

மாதனூர், ஆம்பூர் சேரிகளிலுள்ள எண்பது வயதுப் பெரியோரிடம் போய், தேதிகளை நமது வாலிபர்கள் இந்த வருஷமே கேட்டு எழுதட்டும். சொல்பவர் கையொப்பமோ ரேகையோ, எழுதிய தேதியோடு அதில் இருக்கட்டும். ஒரு பிரதி அவ்வீட்டில், ஒரு பிரதி பங்காளி வீட்டில், இன்னொன்று ஊர் வாசகசாலையில் வைக்கப்படட்டும்.