ஆங்கில வகுப்பில் தமிழுக்கு அபராதமா?

கடந்த ஆண்டு என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன், இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் இருப்பவன், அண்மையில் என்னைக் காண வந்தான். அவன் செல்லும் ஆங்கிலப் பிரத்தியேக வகுப்பில் ஒரு தமிழ்ச்சொல் பேசினால் 20 காசு அபராதமாம். பன்னிரண்டு காலங்களும் அச்சிட்ட அட்டவணையைப் பிழையின்றி ஒப்பித்தான். "நாள்தோறும் பள்ளிக்கு எப்படிச் செல்கிறாய்? ஆங்கிலத்தில் சொல்" என்றேன். 'ஐ வில் கோ பை பஸ் எவ்ரிடே' என்றான்!

இதனைக் கேட்டு அவனை மக்கு என்பவர்கள் தமிழை அறியாதவர்கள். வழக்கமாகச் செய்வதை நாம் 'தினமும் பேருந்தில் போவேன்' என்றுதானே சொல்கிறோம்? வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். 'சின்ன வயதில் ஆற்றுக்குப் போவேன்' என்றாலோ அதே சொல் கடந்த காலத்தைச் சுட்டுகிறது. 'போகிறேன்' என்பதும் அப்படியே. ஆங்கிலத்தின் 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' இரண்டிற்கும் அது ஒன்றே போதும். பிள்ளை தடுமாறும் இடம் இதுதான். தமிழுக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டு இதனை எவ்வாறு விளக்குவார்களாம்?

ஆங்கிலத்தை ஆங்கிலம் பேசித்தான் வளர்க்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் ஐந்து நிமிடத் தமிழ் ஐந்து மாதக் குழப்பத்தைத் தீர்க்குமெனில் அதனைத் தடுப்பானேன்? மலாயில் 'பெர்கி' என்ற வினை காலத்திற்கேற்ப மாறுவதில்லை. 'செமாலாம்', 'ஏசோக்' போன்ற சொற்களே காலத்தைக் காட்டும். வினைக்குள்ளேயே காலம் ஒளிந்திருக்கும் என்பதை வந்தேன், வருகிறேன், வருவேன் என நம் பிள்ளை முன்பே அறிவான். அந்த முதலீட்டைத்தான் அபராதம் போட்டுப் பறிக்கிறார்கள்.

அன்று சிற்றுண்டிச்சாலை மேசையில் ஒரு வாழைப்பழத்தோல் கிடந்தது. "நீதான் துப்பறிவாளன், என்ன நடந்திருக்கிறது?" என்று கேட்டேன். "யாரோ தின்றிருக்கிறார்கள்" என்றான். "எப்பொழுது?" "தெரியாது, தோல் இருக்கிறதே!" அதுதான் 'ஹேஸ் ஈட்டன்' என்றேன். நேரம் தெரிந்துவிட்டால், 'பத்து மணிக்குத் தின்றார்', 'ஏட்' என்று ஆகிவிடும். அடுத்த கால்மணி நேரம் திறந்திருந்த சன்னல், சிந்திய தேநீர், யாரோ மறந்துபோன குடை என்று அவனே தடயம் தேடித் தேடி ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்தான். அட்டவணை மேசைமேலேயே கிடந்தது.

பெற்றோர்களே, அடுத்த மாதக் கட்டணம் செலுத்துமுன் அந்த ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: 'போவேன்' என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாம்? விடை வராவிட்டால் வேறிடம் பாருங்கள்.