ஏழைப் பேய்ப் படங்கள்

பேய்ப் படம் என்று சொன்னவுடனே நம் சங்கக் குடும்பங்களில் பெரியவர்கள் முகஞ்சுளிப்பதை நான் அறிவேன். ‘இரவில் குழந்தை அலறி எழுந்தால் சமாதானம் சொல்லப் போகிறவர் யார்?’ என்று தாய்மார் கேட்பதும் நியாயமே. ஆயினும் இம்மாதம் இப்பகுதியை அப்படங்களுக்கே ஒதுக்கத் துணிந்துவிட்டேன். நான் சொல்லப் போகும் படங்கள் கோடிகளைக் கொட்டி எடுத்தவை அல்ல. கையில் காசில்லாதவர்கள், காசில்லாத காரணத்தாலேயே வேறு வழி தேடி எடுத்தவை. அவற்றுள் சில, சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோரின் கதைகளாகவும் அமைந்திருக்கின்றன. வெளியூரில் பிழைக்கும் நாம் அவற்றைப் பார்ப்பதற்கும் பிறர் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது என் எண்ணம்.

1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ பண நெருக்கடியில் இருந்தது. ஆர்சன் வெல்ஸ் என்னும் இளம் மேதையின் செலவு மிகுந்த படங்கள் போட்ட முதலை மீட்டுத் தரவில்லை. மலிவான திகில் படங்களால் சிறிது லாபம் காணலாம் எனக் கருதிய நிர்வாகம், வால் லூட்டன் என்பவரை அதற்கெனத் தயாரிப்பாளராக அமர்த்தியது. நிபந்தனைகளோ கடுமையானவை. படச்செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டலாகாது. நீளம் ஒன்றேகால் மணிக்கு மேற்படலாகாது. படத்தின் பெயரை நிர்வாகமே கொடுக்கும், அதற்கேற்ற கதையை இவர் பண்ணிக்கொள்ள வேண்டும். முதலில் கொடுத்த பெயர் ‘கேட் பீப்பிள்’. நம் மொழியில் ‘பூனை மாந்தர்’ எனலாம். எந்த நல்ல எழுத்தாளரும் தலையில் கை வைத்துக்கொள்ளக்கூடிய பெயர்!

லூட்டன் 1904-இல் கருங்கடற்கரையிலுள்ள யால்டா நகரில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். படத்தை இயக்கிய ஜாக் டூர்னரும், கதாநாயகியாக நடித்த சிமோன் சிமோனும் பிரான்சில் பிறந்தவர்கள். கதாநாயகி ஐரீனாவும் கதைப்படி செர்பியா நாட்டிலிருந்து நியூயார்க்கிற்கு வந்து, ஆடை அலங்காரச் சித்திரங்கள் வரைந்து பிழைக்கும் ஒரு தனிப்பெண். அவளுடைய கிராமத்தில் பழங்கதை ஒன்று உண்டு. சிலருடைய வம்சத்தில் பிறந்த பெண்கள் காதலோ பொறாமையோ மிகும்போது சிறுத்தையாக மாறிவிடுவர் என்பது அக்கதை. தானும் அவ்வம்சத்தவளே என்ற அச்சம் அவளை விட்டு அகலுவதில்லை. அமெரிக்கக் கணவனோ அன்புள்ளவன்தான். ஆனால் அவளது அச்சத்தை ஊர்ப்புறத்து மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளி, மனநோய் வைத்தியரிடம் அனுப்புகிறான்.

திருமண விருந்து செர்பியர்கள் கூடும் உணவுவிடுதி ஒன்றில் நடைபெறுகிறது. வேறொரு மேசையிலிருந்து, பூனையைப் போன்ற சாயலுடைய பெண் ஒருத்தி எழுந்து வந்து, ஐரீனாவைத் தன் சகோதரி என்று செர்பிய மொழியில் அழைக்கிறாள். அவ்வளவே, பிறகு போய்விடுகிறாள். ஐரீனா நடுங்கிச் சிலுவைக் குறியிட்டுக்கொள்கிறாள். இவ்விடத்தை நான் மும்முறை பார்த்திருக்கிறேன். வேற்றூர் ரயில் வண்டியில் எதிரே இருப்பவர் ‘தமிழா?’ என்று கேட்டால் நமக்கு எத்தனை மகிழ்ச்சி! அவர் எந்த ஊர், யாருக்கு உறவு என்பது வரை விசாரித்து, கட்டிக்கொண்டு வந்த இட்டிலியையும் பகிர்ந்துகொள்வோம். அதே தாய்மொழிச் சொல், எதை மறைத்துப் புதுவாழ்வு தொடங்க நினைத்தாளோ அதையே கண்டுபிடித்துவிட்ட சொல்லாக இவள் காதில் விழுகிறது. இதற்கு ஒப்பனை வேண்டியதில்லை, தந்திரக் காட்சி வேண்டியதில்லை. ஒரு நடிகையும் ஒரு சொல்லும் போதுமானவையாக இருந்தன.

சிக்கனம் படம் முழுவதிலும் வேலை செய்கிறது. ஐரீனா குடியிருக்கும் வீட்டின் கம்பீரமான மாடிப்படி, வெல்ஸின் முந்தைய படத்திற்காகக் கட்டப்பட்டு நின்றிருந்த செட். நீச்சல் குளத்தில் தனியாக நீந்தும் பெண்ணைச் சூழ்ந்து ஏதோ ஒரு விலங்கு உறுமுகிறது. நாம் காண்பதோ சுவரில் நெளியும் நீரின் ஒளியும் ஒரு நிழலும் மட்டுமே. அந்நிழல் தம் கைமுட்டியின் நிழலே என்று டூர்னர் பிற்காலத்தில் கூறினார். சிறுத்தையை எங்கேனும் காட்டியே தீர வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியதால் ஓரிடத்தில் அது தோன்றுகிறது. அந்த இடந்தான் படத்தில் அச்சம் குறைந்த இடம் என்பேன்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது, இரவில் பூங்காவை ஒட்டிய சாலையில் ஒரு பெண் நடந்து செல்லும் காட்சி. விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் வெளிச்சம், இடையில் இருள். பின்னால் மற்றொருத்தியின் காலடி ஓசை. திடீரென்று அது நின்றுவிடுகிறது. முன்னே செல்பவள் விரைகிறாள், ஓடுகிறாள். விலங்கு சீறுவது போன்ற ஓசை எழும்ப நாம் துள்ளி விழுகிறோம். வந்து நிற்பது ஒரு பஸ்! காற்றழுத்தப் பிரேக்கின் சீற்றம் அது. படத்தொகுப்பாளர் மார்க் ராப்சனின் கைவண்ணம் இது. அன்றுமுதல் இத்தகைய பொய்த் திடுக்கீட்டுக்குத் திரைத்தொழிலில் ‘பஸ்’ என்றே பெயர் வழங்கிற்று. ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இரவுப் பணி பார்க்கும் எனக்குப் பிரேக் சீறுவது புதிதன்று; ஒவ்வோர் இரவும் கேட்பதுதான். ஆனால் இப்படத்தைப் பார்த்த வாரத்தில், இரண்டு மணி வண்டி வந்து நின்றபோது கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை நழுவவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகள் கழித்து, கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் ஊரில், பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படம் எடுத்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தார் ஹெர்க் ஹார்வி. யூட்டா மாநிலத்து உப்பு ஏரிக் கரையில் பாழடைந்து கிடந்த கேளிக்கை மண்டபம் ஒன்றை வழியில் கண்ட அவருக்கு அதை மறக்க முடியவில்லை. உடன் வேலை பார்த்தவரைக் கொண்டு கதை எழுதுவித்து, சில வாரங்களில், ஏறத்தாழ 30,000 டாலர் செலவில் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்ற படத்தை எடுத்து முடித்தார். வெளிறிய முகத்துடன் தோன்றும் பேயுருவாக நடித்தவரும் அவரே. வேறு நடிகருக்குச் சம்பளம் மிச்சம். 1962-இல் வந்த இப்படத்தை அப்போது எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

விபத்தொன்றில் தப்பிய இளம்பெண், மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்து வேற்றூருக்குத் தனியே செல்கிறாள். வாடகை அறையில் தங்குகிறாள். ஒரு நாள் துணிக்கடையில் உடையை அணிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால் உலகத்தின் ஓசை முழுவதும் அடங்கிவிட்டிருக்கிறது. இவள் பேசுவது எவர் காதிலும் விழவில்லை. இவளை எவரும் காண்பதுமில்லை. தெருவெல்லாம் அலைந்து பூங்காவில் நிற்கையில், பறவையின் குரல் ஒன்று கேட்க, உலகம் திரும்பி வருகிறது. மொழி தெரியாத நகரத்தில் வந்து இறங்கிய முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் நம்மைத் தாண்டி அடுத்தவரிடம் பேசுவார். கூட்டத்தில் நாம் சொல்லுவது யாருக்கும் எட்டாது. நான் பட்டதுண்டு, இதைப் படிப்பவரிலும் பலர் பட்டிருப்பீர்கள். அந்தத் தனிமையையே பேயாக்கிக் காட்டியிருக்கிறார் ஹார்வி. நடிப்பு சில இடங்களில் கரடுமுரடானது. ஒலியும் உதடும் பொருந்தாத இடங்களும் உண்டு. படத்தின் கனவுத் தன்மைக்கு அக்குறைகளே துணையாகிவிட்டன. முடிவைச் சொல்ல மாட்டேன்.

1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தைப் பலர் அறிவர். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும், பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். முடிவில் 1,14,000 டாலர் வரை ஆயிற்று. இடிக்கவிருந்த பண்ணை வீடு ஒன்றில் படப்பிடிப்பு. இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலால் அது போதும். கடைசி நேரத்தில் பெயரை மாற்றியபோது தலைப்பில் உரிமைக் குறிப்பைச் சேர்க்க விட்டுப்போனதால், அமெரிக்காவில் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. உலகமெல்லாம் அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம், எடுத்தவர்களுக்கு நஷ்டம்தான்.

இரவெல்லாம் பிணங்களோடு போராடி வீட்டைக் காப்பவன் பென் என்னும் கறுப்பின வாலிபன். விடிந்தபின், மீட்க வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டு வீழ்த்திவிடுகிறது. முடிந்த படச்சுருளைக் காரில் நியூயார்க்கிற்குக் கொண்டு செல்லும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ கூறியிருக்கிறார். பெற்றோர் கவனிக்க: பிணந்தின்னும் காட்சிகள் இதில் உண்டு, சிறுவர்க்கு ஆகாது.

நம் நாட்டில் இவ்வகைக்கு முதல்வர்கள் ராம்சே சகோதரர்கள். தந்தையார் கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர். 1947 பிரிவினையில் குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்தார். எடுத்த படங்கள் சரியாக ஓடாதிருக்க, 1970-இல் வந்த படமொன்றில் பிருதிவிராஜ் கபூர் பயங்கர முகமூடியுடன் திருட வரும் ஒரு காட்சியை மட்டும் மக்கள் விரும்பிப் பார்ப்பதைப் பிள்ளைகள் கொட்டகையில் இருந்து கவனித்தார்கள். அதன் விளைவு 1972-இல் வந்த ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’. மகாபலேஷ்வரத்தில் அரசு விருந்தினர் இல்லத்தில் தங்கி எடுத்தார்கள். சகோதரர் எழுவர், எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, தொகுப்பு எல்லாம் வீட்டுக்குள்ளேயே. சமையலும் பிற உதவிகளும் வீட்டுப் பெண்டிருடையவை. படங்களின் தரத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. லூட்டன் மறைத்ததையெல்லாம் இவர்கள் வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். குடும்பத்தோடு பார்க்கக் கூசும் காட்சிகளும் உண்டு. ஆனால் அகதியாக வந்த குடும்பம் ஒரே அடுப்பில் உண்டு, ஒரே காமிராவில் உழைத்து முன்னுக்கு வந்த கதை, திரையில் அவர்கள் காட்டிய எந்தக் கதையிலும் மேலானது என்று சொல்லுவேன்.

முதலில் ‘பூனை மாந்தர்’ பாருங்கள். 73 நிமிடமே ஓடுவது. இரவு உணவுக்குப் பின் தொடங்கினாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். ஆங்கிலம் மட்டும் பேசப் பழகிவிட்ட பிள்ளைகளும், பதினான்கு வயதைக் கடந்தவராயின், உடன் இருக்கலாம். செர்பிய விருந்துக் காட்சி வரும்போது, எதற்காக அவள் அஞ்சினாள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியின் சிறு திரையில் வேண்டா. அந்நிழல்கள் அதில் தெரியமாட்டா.