செடி வாடும் பெட்டியில் பிராணி வாழுமா?

போளூரில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். முன்கட்டில் தறி. பின்கட்டில் துளசி மாடம். நடுக்கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பச்சை நிறத்தில் ஒரு பிராணி. பார்த்தால் ஓணான் போல இருக்கிறது. ஆனால், ஓணான் அல்ல. அதன் பெயர் இகுவானா!

சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆசையோடு வாங்கி வந்தது அது. பிராணிக்கு நிழல் வேண்டுமே என்று ஒரு தொட்டிச் செடியையும் உள்ளே வைத்தார்கள். பத்தாம் நாள் செடியின் இலை மஞ்சளாகிவிட்டது. இருபதாம் நாள் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது.

"செடி போனா போகுது ஆயா! பிளாஸ்டிக் செடி ஒண்ணு வாங்கி வெச்சுடலாம்" என்றான் பேரன்.

ஆயா பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"ஏண்டா கண்ணு, ஒரு செடியே பிழைக்காத பெட்டியிலே, உசுரு எப்படிடா பிழைக்கும்?" என்று கேட்டார்.

இந்த வீடு கற்பனை. ஆனால், ஆயாவின் கேள்வி கற்பனை அல்ல. பல்லி, ஓணான் இனத்துப் பிராணிகளை வீட்டில் வளர்க்கிறவர்கள் எல்லோரும் தங்களையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி அது.

செடி அலங்காரம் அல்ல!

இகுவானாவின் சொந்த ஊர் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை உள்ள காடுகள். ஆற்றோரத்து மரங்களில் அது வாழும். இலையும் பூவும்தான் அதற்குச் சாப்பாடு. இலையில் நிற்கும் தண்ணீர்த் துளிகளை நக்கிக் குடிக்கும். பயந்தால் இலைகளுக்குள் ஒளிந்து கொள்ளும்.

ஆகவே, செடி என்பது அதற்குச் சோற்றுப்பானை. தண்ணீர்க் குடம். படுக்கை. கதவு. எல்லாமே அதுதான்!

பிளாஸ்டிக் செடி வாடாது. கழுவுவதும் எளிது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், இலை தின்னும் பிராணிக்கு, அது பிளாஸ்டிக் என்று தெரியுமா? கடித்து விழுங்கினால் குடலில் அடைத்துக் கொள்ளும். பிராணி செத்தும் போகும்.

உயிருள்ள செடி இன்னொரு வேலையும் செய்கிறது. பெட்டிக்குள் சூடு அதிகமா, வெளிச்சம் குறைவா, ஈரம் மிஞ்சிவிட்டதா என்று அது காட்டிக் கொடுக்கும். பிராணி தன் நோயை வெளியே காட்டாது. ஒடுங்கிக் கிடக்கும். அது ஒடுங்குவதற்கு முன்பே செடி வாடிவிடும். வாடிய செடி ஓர் எச்சரிக்கை மணி!

ஊட்டிக்கு வந்த பெட்டிகள்

கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்ப்பது புதிய வித்தை அல்ல. 1829-ம் ஆண்டில் லண்டனில் வார்டு என்ற வைத்தியர் இருந்தார். ஒரு பாட்டிலில் ஈரமண் போட்டு, அதில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைப் புதைத்து, மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தார். மண்ணில் இருந்து ஒரு சிறிய பெரணிச் செடியும் புல்லும் முளைத்தன! மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, மறுபடியும் மண்ணிலேயே இறங்கியது. அதனால் செடி பிழைத்தது.

அதன் பிறகு கப்பல்களில் கண்ணாடிப் பெட்டிகள் ஏறின. நாடு விட்டு நாடு செடிகள் போயின.

நம் நீலகிரிக்கும் அப்படிப் பெட்டிகள் வந்தன. மலேரியா காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் சின்கோனா மரக்கன்றுகளை 1860-ல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்தார். செங்கடல் வழியாக வரும்போது கடும் வெயில். பெட்டிக்குள் கன்றுகள் வெந்தன. அந்தக் கன்றுகள் ஊட்டியில் பிழைக்கவில்லை. 1861-ல் வந்த வேறு கன்றுகள்தான் பிழைத்து வளர்ந்தன.

இதில் இருந்து தெரிவது என்ன? கண்ணாடிப் பெட்டி ஈரத்தைக் காக்கும். ஆனால், வெயிலில் வைத்தால் அதுவே அடுப்பு ஆகிவிடும்!

போளூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கத்திரி வெயிலில் கண்ணாடிப் பெட்டியை முற்றத்தில் வைத்தால் செடியும் போகும், பிராணியும் போகும். நம் ஊருக்கு ஏற்றது காற்றோட்டம் உள்ள கம்பிவலைக் கூண்டுதான். அதுவும் பெரிய கூண்டாக இருக்க வேண்டும். நன்றாக வளர்ந்த இகுவானா, வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேல் இருக்கும்.

செடி ஏன் சாகிறது?

முதல் காரணம், அதிகத் தண்ணீர். செடி வாடுகிறது என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார்கள். வேர் அழுகிவிடுகிறது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

இரண்டாவது காரணம், வெளிச்சம் போதாமை. கூடத்தின் மூலையில் எந்தச் செடியும் வளராது. காலை வெயில் படும் தாழ்வாரம் நல்லது. பிராணிக்கும் வெயில் வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும், எலும்பு உறுதிப்படும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்ந்து பயன் இல்லை. அதனால்தான் அந்தக் கதிரைத் தரும் தனி விளக்கு போடுகிறார்கள். சூடு தரும் விளக்கை இலைக்கு மிக அருகில் வைக்கக் கூடாது. இலை கருகும்.

மூன்றாவது காரணம், கழிவு. பிராணியின் எச்சம் கொஞ்சமாக இருந்தால் எரு, அதிகமானால் விஷம். அதைத் தினமும் எடுத்துவிட வேண்டும். இலைகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நான்காவது காரணம், பிராணியே! அது இலையைத் தின்னும்; கிளையில் ஏறி ஒடிக்கும்; மண்ணைத் தோண்டும். இதற்கு வழி உண்டு. ஒரே செடியை இரண்டு தொட்டிகளில் வளர்க்க வேண்டும். ஒன்று கூண்டில் இருக்கும்போது மற்றொன்று வெளியே தேறட்டும். பிறகு மாற்றி வையுங்கள். தொட்டியின் மேல்மண்ணில் பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். பிராணி விழுங்க முடியாத அளவு பெரியதாக இருக்கட்டும்.

எந்தச் செடி வைக்கலாம்?

செம்பருத்தி வைக்கலாம். இலையையும் பூவையும் பிராணி தின்னலாம். மல்பெரி வைக்கலாம். அரளி கூடவே கூடாது. எருக்கு, ஊமத்தை, குரோட்டன்ஸ் கூடாது. இவை விஷம்.

செடி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதில் மருந்து தெளித்திருக்கக் கூடாது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் புகையிலை பயிரிட மாட்டார்கள். புகையிலையின் நஞ்சு மல்பெரி இலையில் படிந்தாலே புழுக்கள் செத்துவிடும். புழுவுக்கு ஒரு நீதி, இகுவானாவுக்கு ஒரு நீதி உண்டா? நர்சரியில் வாங்கிய செடியைச் சில வாரங்கள் வெளியே வைத்து, இலைகளைக் கழுவி, புது மண்ணுக்கு மாற்றிய பிறகே கூண்டில் வைக்க வேண்டும். பூச்சி வந்தால் மருந்து அடிக்காதீர்கள். தொட்டியை வெளியே எடுத்து, இலைகளைத் தண்ணீரால் அலசுங்கள்.

வேலியில் போகும் ஓணான்

"இவ்வளவு சிரமம் எதற்கு? நம் ஊர் பச்சோந்தியைப் பிடித்து வளர்த்தால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். கூடாது! பச்சோந்தி, உடும்பு போன்றவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளுக்கும் கணக்கு உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. கடத்தி வந்த பிராணியை வாங்கிவிட்டுப் பிறகு கலங்குவது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக் கொண்ட கதைதான்!

பிள்ளைகளுக்கு இந்தப் பிராணிகளைக் காட்ட ஆசையா? மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகலாம். பார்த்து வந்த பிறகு, வளர்க்கும் ஆசை தணிந்தாலும் நல்லதே.

முதலில் செடி; பிறகு பிராணி!

அப்படியும் சட்டப்படி வாங்கி வளர்ப்பேன் என்பவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். பிராணியை வாங்குவதற்கு முன்பே கூண்டைக் கட்டுங்கள். விளக்கைப் போடுங்கள். செடிகளை வையுங்கள். இரண்டு மாதம் காத்திருங்கள்.

செடி புதுத் துளிர் விட்டால், அந்தக் கூண்டு ஓர் உயிரைத் தாங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். செடி வாடினால், வாங்க வைத்திருந்த பணத்தை மடியிலேயே முடிந்து கொள்ளுங்கள். அந்த வீட்டில் இன்னும் இடம் தயாராகவில்லை. இரண்டு மாதம் ஒரு செடிக்குப் பொறுமையாகத் தண்ணீர் விட முடியாதவர்கள், பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய ஒரு பிராணியை எப்படிக் காப்பாற்றுவார்கள்?

இந்தக் காரியத்தை வீட்டுப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். தினமும் ஒரு புது இலையைத் தேடிப் பார்க்கும் பிள்ளைக்கு, உயிர் என்பது கடையில் வாங்கும் பொம்மை அல்ல என்பது தானாகவே புரியும்.

செடி செத்தால் இன்னொரு தொட்டி வாங்கலாம். பிராணி செத்தால்? பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஆயாவின் கேள்வி காதில் விழும்.

அதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது நல்லது!