வால்வை யார் மூடுவது?

மஞ்சூரை அடுத்த பிக்கட்டிக்காரர்களுக்கு மின்நிலையம் புதிதல்ல. கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம் அவர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. எமரால்டு, அவலாஞ்சி அணைத் தண்ணீர் பென்ஸ்டாக் குழாயில் இறங்கி, குந்தா பாலத்தில் 60 மெகாவாட் நிலையத்தை ஓட்டுகிறது. இப்போது அதே எமரால்டு–அவலாஞ்சிக்கும் போர்த்திமந்துக்கும் இடையே தண்ணீரை ஏற்றி இறக்கும் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் எழுகிறது. எல்லோரும் மெகாவாட்டைப் பேசுகிறார்கள். வால்வை யாரும் பேசுவதில்லை.

குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், சுமார் 100 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக ஏறும். நாலைந்து மீட்டர் வேகமென்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எனவே மெதுவாகத்தான் மூட வேண்டும். ஆனால் மின்தடம் அறுந்து சுமை போய்விட்டால் டர்பைன் தறிகெட்டுச் சுழலும்; காத்திருக்க முடியாது. பெல்டன் டர்பைனில் இதற்கு அருமையான தீர்வு உண்டு: டிஃப்ளெக்டர் தகடு நொடிகளில் தண்ணீர்ப் பீச்சலைத் திருப்பிவிடும்; நாசில் ஊசி சாவகாசமாக மூடும். இரு திசையிலும் ஓடும் நீரேற்று இயந்திரத்தில் இந்த வசதி கிடையாது. மூடும் வேகத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டாக வேண்டும். அதோடு ஒரு நாளில் பலமுறை ஓடி நிற்கும் இயந்திரம் அது.

இந்த வால்வு, ஊசி, தகடு எல்லாவற்றையும் நகர்த்துவது அழுத்த ஆயில். பம்ப் நின்றாலும் வால்வை மூடும் அளவுக்கு அழுத்தம், அதைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரில் இருக்க வேண்டும். ஆயிலும் போனால் எடைக்கல்லே இழுத்து மூட வேண்டும். 2009 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யாவின் சயானோ–சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் டர்பைன் மூடி பெயர்ந்து 75 பேர் இறந்தார்கள். அதன் போல்ட்டுகள் அதிர்வில் களைத்திருந்தன. மின்சாரம் போனதால், மேலே இருந்த மதகுகளை ஊழியர்கள் கையால் மூட வேண்டியதாயிற்று.

ஆயிலின் கதை இதைவிடச் சாதாரணம், அதனாலேயே கவனிக்கப்படாதது. சர்வோ வால்வுக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன்; ஆயிலில் உள்ள சிறு தூசியே வால்வை ஒட்டவைத்துவிடும். குந்தாப் பக்கத்து மூடுபனியில் டேங்க் மூச்சுவிடும் வழியாக ஈரமும் உள்ளே போகும். ஈரம் உறிஞ்சும் பில்டர் விலை அற்பம். ஒட்டிக்கொண்ட வால்வுக்காக நிலையம் நிற்கும் நாள்கள் அப்படியல்ல. சிக்கனமும் இங்கேதான்: எப்போதும் முழு அளவு ஆயிலைத் தள்ளி, மிஞ்சியதை ரிலீஃப் வால்வில் கொட்டும் பம்ப் மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கிறது. தேவைக்கேற்ப அளவை மாற்றும் பம்ப் அதைச் செய்யாது.

மின்வாரியம் இந்த ஆயில் அமைப்பை விலைப்புள்ளியின் குறைந்த தொகையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஆயில் தூய்மைப் பரிசோதனை, உதிரிபாகம், மின்சாரமின்றி மூடிக் காட்டும் ஆண்டுச் சோதனை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.