ட்ராக்குக்குத் திரும்புகிறவருக்கு 200 குதிரைத்திறன் எதற்கு?

இருபதுகளில் இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்குக்குக் கார் எடுத்துக்கொண்டு போனவர்களில் பலர் முப்பதுகளில் காணாமல் போய்விடுகிறார்கள். கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். நாற்பதைத் தாண்டியதும் கையில் கொஞ்சம் பணமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சும்போது பழைய ஆசை தலைதூக்குகிறது. என்ன கார் வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நண்பர்களும், கராஜ்காரர்களும், செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரிகளும் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள்: "பவர் இல்லாத வண்டியை வாங்கி என்ன சார் பண்ணப் போறீங்க? ஒரே மாசத்துல சலிச்சிடும். இந்தக் காசுக்குப் பழைய ஜெர்மன் காரே வருமே!"

திரும்பி வர நினைப்பவரை இரண்டு மூன்று ட்ராக் டேக்களுக்குள் மறுபடி வீட்டுக்கே அனுப்பிவைக்கும் பதில் இது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதை எதிர்த்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த "இந்தக் காசுக்கு" என்ற கணக்கிலிருந்தே தொடங்குவோம். புதிதாக இறங்கியபோது முப்பது, நாற்பது லட்சம் விலை போன ஜெர்மன் செடான், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு புது ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கிடைக்கிறது. பார்ப்பவருக்கு அது கொள்ளை லாபமாகத் தெரிகிறது. காரின் விலை தேய்ந்திருக்கிறது, சரி. அதன் உதிரிபாகங்களின் விலை தேயவே இல்லை. பிரேக் டிஸ்க், கன்ட்ரோல் ஆர்ம், வாட்டர் பம்ப், கியர்பாக்ஸுக்கான ஆயில் என்று எதைக் கேட்டாலும் பில் அந்த நாற்பது லட்சக் காருக்கான பில்லாகவே வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் பகுதியில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்களும் தொட்டிகளும் சென்னை வெயிலில் பத்து வருடம் வெந்து மொறுமொறுத்துப் போயிருக்கும். நகரத்துக்குள் அலுவலகம் போய்வரும் வரை அவை தாங்கும். ட்ராக்கில் இருபது நிமிடம் எஞ்சினை உச்சத்தில் வைத்து ஓட்டினால் எங்கே எது விரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கும் விலையைப் பார்த்துச் சகாயம் என்று முடிவு செய்கிறவர், ஒரு நாள் ஓட்ட என்ன ஆகும், ஒரு வருடம் ஓட்ட என்ன ஆகும் என்று பார்ப்பதே இல்லை. ட்ராக் காரைப் பொறுத்தவரை சகாயம் என்பதற்கு அந்தக் கணக்குதான் அர்த்தம்.

இனி பவர். வேகமாக ஓடும் காரை நிறுத்தியாக வேண்டும். ஓடும் பொருளின் ஆற்றல் அதன் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள செடான், நேர்பாதையின் கடைசியில் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்காக அதை 80-க்குக் குறைக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் கழித்துக்கட்ட வேண்டிய ஆற்றல் சுமார் 1,600 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. அதே இடத்தில் ஓட்டுபவரோடு 1,100 கிலோ இருக்கும் ஹேட்ச்பேக் 140-இல்தான் வந்து சேரும். அதற்குக் கழிக்க வேண்டியது 560 கிலோஜூல் அளவுதான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காற்றின் எதிர்ப்பும் எஞ்சின் பிரேக்கிங்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்கும் பேட்களுக்கும்தான் போகிறது. அந்தச் சூடு அடுத்த வளைவிலும் ஏறும், அதற்கடுத்த வளைவிலும் ஏறும். ஆற நேரம் கிடைக்காது.

சூடு பேட்டோடு நிற்பதில்லை. காலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. நாம் வழக்கமாக ஊற்றும் டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரவிதி கேட்கும் எல்லை 155 டிகிரிதான். கடலோர ஊரில் இரண்டு வருடமாக மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது. ஆவியை அழுத்தினால் சுருங்கும்; அழுத்தம் பிஸ்டனுக்குப் போய்ச் சேராது. மிதித்த கால் அடித்தட்டு வரை போகும், வண்டி நிற்காது. ட்ராக்கில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். இந்த இடத்தில் 200 குதிரைத்திறன் உங்களுக்கு உதவ வராது. உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதே அதுதான்.

பெரிய பிரேக் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம். அதற்கு ஆகும் செலவில் ஒரு பழைய ஸ்விஃப்டில் பாதியை வாங்கிவிடலாம். அப்புறம் அந்த பிரேக்குக்கு ஏற்ற டயர், அந்த டயருக்கு ஏற்ற சஸ்பென்ஷன் என்று அது நீண்டுகொண்டே போகும். 14 அங்குல டயர் எந்த ஊர்க் கடையிலும் நான்கைந்து ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. 18 அங்குல டயருக்கு அதைப் போல் சில மடங்கு எண்ணிவைக்க வேண்டும். ட்ராக்கில் டயர் தேயும் வேகம் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். கார் கனமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும்.

பணத்தை விட்டுவிடுவோம். இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு வேறு. பத்துப் பதினைந்து வருடம் ட்ராக்கை விட்டு விலகியிருந்தவரின் நினைவில் வேகம் அப்படியே இருக்கும். கண்ணும் காலும் அப்படி இருப்பதில்லை. எங்கே பார்க்க வேண்டும், எங்கே பிரேக்கை விட வேண்டும், ஸ்டியரிங்கை எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் பதிந்திருக்கும் பழக்கங்கள். ஓட்டாமல் விட்டால் அவை மங்கும். அவற்றை மீட்டெடுக்க ஒரே வழி நிறைய லேப் ஓட்டுவது. பவர் குறைந்த காரில் வளைவுக்குள் நான்கு கிலோமீட்டர் வேகத்தைத் தொலைத்தால், அதை ஈடுகட்ட எஞ்சினிடம் எதுவும் கிடையாது. அந்த நஷ்டம் நேர்பாதை முழுக்க உங்களோடு வரும், லேப் நேரத்தில் தெரியும். எந்த வளைவில் எந்தத் தவறைச் செய்தீர்கள் என்று கார் சொல்லிக்கொண்டே இருக்கும். பவர் மிகுந்த காரில் வளைவில் செய்த தவறை அடுத்த நேர்பாதையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மூடி மறைத்துவிடலாம். லேப் நேரம் நன்றாகவே வரும், ஓட்டுபவர் எதுவும் கற்றிருக்க மாட்டார். அப்படியே ஒரு வருடம் போனபின், கார்தான் தன்னை ஓட்டியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கும்.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.717 கிலோமீட்டர் நீளம். நேர்பாதையில் பவர் கொஞ்சம் பேசும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடுத்து வரும் சி1 வளைவை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் ஆள் தெரிவார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். அங்கே பெரிய எஞ்சினுக்குக் கால் நீட்டவே இடமில்லை. லேசான, சுறுசுறுப்பான கார்தான் அந்த ட்ராக்குக்குப் பொருந்தும்.

அந்த ஸ்பீட்வே யார் பெயரில் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். எஸ். கரிவரதன், இந்தியாவில் சாதாரண ஆட்களும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதற்காக 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர். அதில் அவர் வைத்தது மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். சாலையில் ஓடிய மாருதியில் அந்த எஞ்சின் 40 குதிரைத்திறனைக்கூடத் தாண்டவில்லை. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். ஆனால் அவர் தொடங்கிவைத்த வகுப்பில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். அந்தக் களத்துக்கு இந்தியாவிலிருந்து போன முதல் ஆள் அவர். பவர் இல்லாத காரில் ஒன்றும் கற்க முடியாது, சலித்துவிடும் என்று சொல்கிறவர்கள், இந்த வரலாறு நடந்த அதே கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வதுதான் எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. ஜெர்மன் காரின் பாடி பலமானது, ஏர்பேக் நிறைய, ஏபிஎஸ், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் உண்டு. பழைய சிறிய கார்களில் இவை கிடையாது என்பார்கள். உண்மைதான். 2019 ஏப்ரல் வரை இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமில்லை. அடிமட்ட வேரியன்ட்டுகள் அது இல்லாமலேயே விற்றன. ஆகவே வாங்கும்போது மேல் வேரியன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இல்லாததைத் தொடவே வேண்டாம். நல்ல ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் கூடாது. இதற்கு மேல் பாதுகாப்பைத் தருவது வேகம் குறைவாக இருப்பதுதான். தடுப்பில் போய் மோதுகிற ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தான் ஏறும். 180-இல் தவறு செய்கிறவருக்கு எத்தனை ஏர்பேக் இருந்தும் 140-இல் தவறு செய்கிறவரின் நிலை வாய்க்காது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊர் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கும். ட்ராக் டே பந்தயமில்லை என்று சர்வேயரிடம் வாதாடி ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையில் யாரும் ட்ராக்கில் இறங்கக் கூடாது. ட்ராக்கில் மோதினால் அந்தக் கார் உங்கள் கைக்காசு. அப்படியிருக்க, கடன் வாங்கி, இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் எட்டு லட்ச ரூபாய்க் காரை அங்கே கொண்டுபோகச் சொல்வது என்ன ஆலோசனை? வண்டி போனாலும் மாதத் தவணை போகாது. நாளைக்கே இந்தக் கார் சுவரில் மோதி நசுங்கினாலும் வீட்டுச் செலவு குலையாது என்று சொல்லக்கூடிய விலைக்கு வாங்கிய கார்தான் உங்களால் கட்டுப்படியாகிற கார். அந்த நிம்மதியோடு ஓட்டுகிறவருக்குத்தான் கை இறுகாது. கை இறுகாதவர்தான் கற்றுக்கொள்வார்.

சரி, எதை வாங்குவது? வெளிநாட்டில் இந்தக் கேள்விக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். 1989-இல் வந்த அந்தக் காரும் 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன் அளவில் தொடங்கியதுதான். இங்கே அது விற்கப்படவே இல்லை, அதை நினைத்து ஏங்குவதில் பயனில்லை. நம்மிடம் ஸ்விஃப்ட் இருக்கிறது. 2005-இல் வந்த 1.3 பெட்ரோல் 87 குதிரைத்திறன் தந்தது. அவையெல்லாம் 15 வருடம் கடந்தவை, ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். 2011-க்குப் பின் வந்த 1.2 பெட்ரோல் இன்னும் லேசு, பவரும் ஏறக்குறைய அதே. ஸ்டியரிங்கில் சாலையின் பேச்சு கேட்க வேண்டும் என்பவர்களுக்கு மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் அற்புதமான கார், 101 குதிரைத்திறன். ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் தேடும் பொறுமை வேண்டும். பணம் கொஞ்சம் கூட இருந்தால் 2020-இல் வந்த போலோ 1.0 டர்போ, மேனுவல் கியரில். அதற்கு மேல் போகத் தேவையில்லை. என் தேர்வு ஸ்விஃப்ட்தான். அதன் பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் தெருத்தெருவாகக் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது கைவந்த வண்டி.

எஞ்சினைத் தொடாதீர்கள். ரீமேப், பெரிய சைலன்சர், கம்பெனி கொடுக்காத உருமாற்றம் எதுவும் வேண்டாம். அதே காரைத்தான் வீட்டிலிருந்து ட்ராக்குக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

கையில் ஆறு லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி அந்த ஆறையும் வண்டியில் போடச் சொல்வார். பாதிக்குக் குறைவாகக் கார் வாங்குங்கள். முதல் வேலையாகப் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, சூடு தாங்கும் பேட் போட்டு, கூலன்ட், எஞ்சின் மவுன்ட், வீல் பேரிங், நான்கு டயர் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பகுதியை, ட்ராக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளருக்கு எடுத்துவையுங்கள். காரில் போடும் எந்தப் பாகத்தையும்விட அந்தக் காசு உங்கள் லேப் நேரத்தைக் குறைக்கும். மிச்சத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கான நுழைவுக் கட்டணமும் பெட்ரோலும் டயரும் அதிலிருந்து வரட்டும்.