கடைசி பெஞ்ச்: மடியில கிடார்... கையில கம்பி!

மச்சீஸ், ஒரு சின்ன கேள்வி. ராத்திரி பதினோரு மணிக்கு சிவகாசியில ஒரு வீட்டுக்குள்ள 'டப்'னு சத்தம் கேட்டா என்ன நினைப்பீங்க? பட்டாசுதானே? தப்பு! அது கிடாரோட ரெண்டாவது கம்பி. தெறிச்சு வந்து நின்னது எங்க மாமாவோட புருவத்துக்கு அரை இன்ச் பக்கத்துல. காரணகர்த்தா, மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற, 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்'ல அரியர் வெச்சு கிளியர் பண்ணின அடியேன்தான்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். மாமா பயராபீஸ்ல வேலை பார்த்தவர். சீசன் இல்லாத மாசங்கள்ல ஆர்கெஸ்ட்ராவுல கிடார். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு மேடை ஏறினா, கூட்டத்துல பாதி எங்க சொந்தக்காரங்களாத்தான் இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி மருந்து ரூம்ல தீப்பிடிச்சது. ஆள் பிழைச்சார். இடது கையில தோல் சுருங்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீட்டினது நீட்டினபடி நின்னுடுச்சு. கிடார் சுவத்துல ஏறிடுச்சு. "வித்துரலாமே"னு அத்தை சொன்னா விக்கவும் மாட்டார், தொடவும் மாட்டார்.

ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் கதையைச் சொல்லி உசுப்பேத்திப் பார்த்தேன். 1928-ல வண்டி வீடு தீப்பிடிச்சு இடது கையில ரெண்டு விரல் போச்சு, மிச்ச ரெண்டு விரலை வெச்சே உலகத்தைக் கலக்கினவர். மாமா அசரலை. "மாப்ள, அவருக்கு மிஞ்சினது ஆள்காட்டியும் நடுவிரலும். எனக்கு மிஞ்சினது மோதிர விரலும் சுண்டு விரலும். அவருக்குப் போனது எனக்கு இருக்கு, எனக்குப் போனது அவருக்கு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு கை!"

அப்பத்தான் ஸ்டீல் கிடார் கண்ணுல பட்டது. கிடாரை மடியில படுக்க வெச்சு, கம்பியை விரலால அழுத்தாம, மேல ஒரு இரும்பு உருளையை வழுக்கிக்கிட்டே வாசிக்கிறது. நம்ம ஊர்ல 'ஹவாயன் கிடார்'னா பெருசுங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல கால்ல மிதிக்கிற பெடல் வெச்ச வகையும் உண்டு. நாம பேசுறது அந்த வம்பெல்லாம் இல்லாத ஆதி மாடல். இதுல உருளையைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல பிடிக்கணும். மேல ஆள்காட்டி விரலை நீட்டி வைக்கணும். மறுபடி படிங்க... நீட்டி! மடக்கத் தேவையே இல்லை. பின்னாடி தேவையில்லாத கம்பிச் சத்தத்தை அடக்க மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பி மேல சும்மா தவழ்ந்து வந்தாப் போதும். மாமா கையை அளவெடுத்து கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு.

கண்டுபிடிச்சவர்னு எல்லாரும் சொல்றது ஹவாய் தீவுப் பையன் ஜோசப் கெகுகு. 1880-களின் கடைசியில, ஸ்கூல் படிக்கிற வயசுல செஞ்சார். அதுக்கும் முன்னாடியே கேப்ரியல் டேவியன்னு இந்தியாவுல பிறந்த ஒருத்தர் ஹொனலுலுவுல இப்படி வாசிச்சதா ஒரு பேச்சும் உண்டு. பஞ்சாயத்து இன்னும் முடியலை. இந்தியாவுக்கு இந்தக் கிடார் வந்து உட்கார்ந்த ஊர் கல்கத்தா. 1940-கள்ல டாவ் மோங்கிற கலைஞர் குடும்பத்தோட அங்கேயே தங்கி வாசிச்சார். கார்னி நிஸ் மாதிரி உள்ளூர்க்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் காஜி அனிருத்தா, சுனில் கங்குலினு வரிசையா வந்து ரவீந்திர சங்கீதத்தையே இதுல இழைச்சாங்க.

கல்கத்தான்னதும் எனக்கு ஒரு பொறி தட்டுச்சு. 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடார், சண்முக நாடார்னு நம்ம சிவகாசிக்காரங்க ரெண்டு பேர் தீப்பெட்டித் தொழில் கத்துக்கப் போனதும் அதே கல்கத்தாதான். தீக்குச்சி ரயிலேறி சிவகாசிக்கு வந்துச்சு. கிடார்தான் கொஞ்சம் லேட்டு!

வடக்கே பிரிஜ்பூஷண் காப்ரா இதுல ராகம் வாசிச்சார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோட அவர் சேர்ந்த 'கால் ஆஃப் தி வேலி' ரெக்கார்டு 1967-ல வந்தது. விஸ்வ மோகன் பட் துணைக் கம்பிகளைச் சேர்த்து 'மோகன வீணை'னு பேர் வெச்சு, ரை கூடரோட வாசிச்ச ஆல்பத்துக்கு 1994-ல கிராமி வாங்கினார். ரொம்ப அலட்டிக்காதீங்கனு நம்ம கோட்டுவாத்தியம் ஓரமா நின்னு சிரிக்குது. வீணை மாதிரியே இருக்கும், ஆனா மெட்டு கிடையாது. மரக்கட்டையை வழுக்கி வாசிக்கணும். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரினு தஞ்சாவூர்ப் பக்கத்துல பெரிய தலைங்க வாசிச்ச வாத்தியம்.

சரி, அறுந்த கம்பிக்கு வருவோம். சாதாரண கிடார்ல கம்பிகள் தடிமன்ல இருந்து ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ. உருளை நேர்க்கோடு, அதனால எல்லாக் கம்பியும் ஒரே இடத்துலதான் நிக்கும். சும்மா மீட்டினாலே ஒரு கார்டு கேட்குற மாதிரி முன்னாடியே சுருதி மாத்திக்கணும். பழைய ஹவாய்க்காரங்களோட ஃபேவரைட் ஈ-ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்-ஈ. வீடியோ பார்த்து நானும் அதையே வெச்சேன். இதுல நாலு, மூணு, ரெண்டு, இந்த மூணு கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் ஏத்தணும். ஏத்தினேன். டப்!

அறுந்த பிறகுதான் கால்குலேட்டரை எடுத்தேன் (நம்ம டிபார்ட்மென்ட் வழக்கமே அதுதானே). இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ஒரு முழு ஸ்வரம் ஏத்தினா அதிர்வெண் 12 சதவிகிதம்தான் கூடுது. ஆனா இழுவிசை 26 சதவிகிதம் எகிறுது! ஏழு வருஷம் சுவத்துல தொங்கித் துருப்பிடிச்ச கம்பி அதுக்கு எங்கே தாங்கும்? கம்பியோட போயிருந்தாப் பரவாயில்லை, பிரிட்ஜும் லேசாத் தூக்க ஆரம்பிச்சிருந்தது. நைலான் கம்பி போடுற கிளாசிகல் கிடார் வெச்சிருக்கிற மக்கள் தயவுசெஞ்சு இரும்புக் கம்பி மாட்டிப் பார்க்காதீங்க. பிரிட்ஜ் கையோட வந்துடும்.

அதனால டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி. 'ஓபன் டி'ன்னு சொல்வாங்க. இதுல எந்தக் கம்பியும் ஏறாது. ரெண்டு அப்படியே நிக்கும், நாலு இறங்கும். கிடார் நிம்மதியா மூச்சு விடும். நம்ம கணக்குல சொன்னா ஸ-ப-ஸ-க-ப-ஸ, தம்புரா மாதிரி ஒரு பின்னணி சும்மாவே கிடைச்சுடும். ஒரே சிக்கல், ஒரு ஸ்வரம் இறங்கினா இழுவிசை 20 சதவிகிதம் குறையும். தொளதொளக் கம்பி மேல கனமான உருளையை வெச்சா கம்பி அமுங்கி சுருதி தள்ளாடும். தீர்வு, தடிமனான கம்பி. ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் இங்கே அளவு. முதல் கம்பி 12 இருந்த இடத்துல 13 இல்லை 14 போட்டா பழைய விறைப்பு வந்துடும். விரலால அழுத்துறவங்களுக்குத் தடிமன் கம்பின்னா விரல் நுனி கதறும். இங்கே அழுத்தவே போறதில்லையே! மதுரைக்குப் பஸ் ஏறி 'மீடியம்' செட் வாங்கிட்டு வந்தேன். பிக்கப் வெச்ச எலெக்ட்ரிக் வகைன்னா நிக்கல் சுத்தின கம்பி கேளுங்க. வெண்கலம் சுத்தினது காந்தத்துக்குச் சரியா மசியாது.

பசங்க நிறையப் பேர் 'சி சிக்ஸ்த்'னு ஒரு சுருதியைச் சொல்வாங்க. சி-ஈ-ஜி-ஏ-சி-ஈ. சி மேஜரும் ஏ மைனரும் ஒண்ணா உள்ளே உட்கார்ந்திருக்கும், செம அழகு. ஆனா சாதாரண செட்டை வெச்சு முயற்சி பண்ணினா ஆறாவது கம்பியில இழுவிசை ரெண்டரை மடங்கு. எங்க மாமாவுக்கு மிச்சம் இருக்கிறது ரெண்டு புருவம்தான். அதுக்குன்னு மெல்லிசுக் கம்பிகளாத் தேர்ந்தெடுத்து தனி செட்டே போடணும்.

கம்பியைத் தூக்கி நிறுத்த நட் மேல ஒரு அலுமினியத் துண்டு, காலேஜ் ஒர்க்‌ஷாப் உபயம். உருளையும் அங்கேதான். முக்கால் இன்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு, மூணு இன்ச் நீளம், லேத்ல கடைஞ்சு பாலிஷ் போட்டா 170 கிராம் வந்துச்சு. முதல் நாள் மாமா கையில வெச்சதும் நழுவி அத்தை கால்ல விழுந்தது. நடுவிரல் மடங்காததால பிடிமானம் இல்லை. மறுபடி ஒர்க்‌ஷாப். ரெண்டு பக்கமும் மில்லிங்ல ஒரு பள்ளம் இழுத்தேன். கட்டைவிரல் ஒரு பள்ளத்துல, நீட்டின நடுவிரல் இன்னொண்ணுல. நின்னுடுச்சு!

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்து ரூமுக்குள்ள இரும்பு ஆகாதுன்னு இருபது வருஷம் தள்ளியே வெச்ச கை மாப்ள இது"ன்னார்.

நான் சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். விரல் வைக்கிற மாதிரி ஃப்ரெட்டுக்குப் பின்னாடி வைக்காதீங்க, அந்தக் கம்பிக் கோட்டுக்கு நேர் மேல வைங்க. ஒரு நூல் தள்ளினாலும் சுருதி போயிடும். மீதியை அவர் காது பார்த்துக்கிச்சு. முதல் வாரம் பூனை சண்டை. ரெண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி "யாருடா அது அழுவுறது?"ன்னு கேட்டாங்க. அதைப் பாராட்டாவே எடுத்துக்கிட்டோம்.

போன ஞாயித்துக்கிழமை, பழைய மேடைப் பாட்டு ஒண்ணு. மைனர் மெட்டு. நாலு வரி போச்சு, மாமா நிறுத்தினார். மூஞ்சியைச் சுளிச்சார்.

"ஏதோ ஒரு கம்பி கூட ஒட்ட மாட்டேங்குது."

மூணாவது கம்பி. எஃப் ஷார்ப், அந்தர காந்தாரம். பாட்டுக்கு வேண்டியது சாதாரண காந்தாரம். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் உருளையைக் கீழே வெச்சுட்டு, கட்டைவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து மூணாவது கீயைப் பிடிச்சு, காதைச் சாய்ச்சுக்கிட்டு, மெதுவா இறக்க ஆரம்பிச்சார்.